ஆடுகளுக்குள் நின்று எடுத்த படம்

அன்று காலை கண்மாய்க் கரையில் இருந்தவர்கள்: வயல்காரர் அண்ணாச்சி. ஆடு மேய்க்கும் அவர் தங்கை. ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வத்திராயிருப்பு பஸ் ஏறி வந்த நான்.

தண்ணீர் ஓரம் வரித்தலை வாத்துகள் மேய்ந்தன. இமயமலைக்கு அப்பால் மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை. பனிக்காலத்தில் மலையைத் தாண்டிப் பறந்து வரும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. எங்கள் பக்கம் வருவது அபூர்வம். மிரட்டினால் அந்த இடத்துக்குத் திரும்பாது.

போன வருடம் தூரத்தில் நின்று எடுத்தேன். பட்டை தெரியவில்லை. யாரோ மேய்க்கிற வாத்து என்று மில்லில் சிரித்தார்கள். அறுத்த வயலில் வாத்து மேய்க்கிற ஊர். அப்படித்தான் நினைப்பார்கள்.

வாத்துகளை விரட்ட அண்ணாச்சி கையில் வெடிக்கட்டு. வாத்துகள் அவர் நட்ட நாற்றைக் கடித்திருந்தன.

“செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. ஒரு படம்.”

“நாத்த நீயா நட்ட? இந்த டீயைக் குடிக்கிற வரைக்கும் பொறுப்பேன். பொறவு பத்த வச்சிருவேன்.”

நடந்தேன். எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. நின்றுவிட்டேன்.

தங்கை சிரித்தார். “ஏலே, களவாணி மாதிரி பம்முனா எது நிக்கும்? ஆட்டுக்குள்ள வா. வாத்து தெனமும் இதுகளோடதான் மேயுது.”

ஆடுகளோடு நடந்தேன். தோளில் அவர் கம்பு. துண்டுக்குள் கேமரா. ஒரு கிடா என் பேண்ட்டைக் கடித்து இழுத்தது.

“அதுக்கு உன்னப் பிடிச்சுப் போச்சு.”

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் கை ஆடும். வாத்துகள் குனிந்து மேய்ந்தன. துண்டை விலக்கினேன். எடுத்தேன்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்திருந்தார். படத்தைக் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார். பட்டை இரண்டும் மை வைத்த மாதிரி இருந்தன. இனி மில்லில் ஒருவன் வாய் திறக்க முடியாது. இமயமலைச் சங்கதியைச் சொன்னேன்.

“அம்புட்டுத் தூரமா?” அண்ணாச்சி தலைப்பாகையைச் சரி செய்தார். “வழியில எம்புட்டு வயலு இருக்கு. என் வயலுக்குல்லா வந்திருக்கு!”

“அப்ப வெடி?” தங்கை விடவில்லை.

“சும்மா கெட ஏட்டி. வயல்ல அந்த மூலைய அதுகளுக்கு விட்டாச்சு.” என் பக்கம் திரும்பினார். “ஏலே, எத்தனைன்னு எண்ணு. நாளைக்கு ஒண்ணு கூடினாலும் பத்த வைப்பேன்.”

படத்தில் விரல் வைத்து அவர் எண்ணினார். நான் தண்ணீர் ஓரம் பார்த்து எண்ணினேன்.

இரண்டு பேருக்கும் இருபத்து மூன்று.