கடலில் நின்ற புள்ளி

எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று குடைந்துகொண்டே இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. அதற்கு என் மனைவி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. அந்த வியாதிதான் என்னைப் புவியியல் ஆசிரியராக்கியது. பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்க வைத்ததும் அதுதான்.

அகலக்கோடும் நெடுங்கோடும் படிப்பித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு வறண்ட பாடமென்று. கரும்பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டுத் திரும்பினேன். "உந்தக் கோடெல்லாம் கடலில எங்க சேர் கிடக்கு?" என்று கடைசி வரிசைப் பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். நக்கல்தான். ஆனாலும் நல்ல கேள்வி. லிங்கநகர் வீடு வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை ஓட்டினேன்.

அன்று பின்னேரம் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டேன். "நாளைக்குப் பள்ளிக்கூடம் வெளிக்கிட முதல், வீட்டுப் போனில லைவ் லொக்கேஷனைப் போட்டுவிட்டிட்டு வாங்கோ. உங்கட வீடுகள் எல்லாம் வகுப்பில தெரியும். அதை வைச்சுக் கோடு பாப்பம்." பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவர முடியாது. குழுவில் இருந்த இலக்கங்கள் எல்லாம் தாய் தகப்பன்மாருடையவை. நாங்கள் போடுவதை அவர்களும் பார்ப்பார்கள். அது நல்லதுதானே என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் என் போனைப் பெரிய திரையோடு இணைத்ததும் படம் முழுக்கப் புள்ளிகள். கிண்ணியாப் பக்கம் இரண்டு மூன்று, துறைமுக வீதியில் ஒரு கொத்து, மீன் சந்தைக்குள் ஒன்று. எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, கடலுக்குள் ஒன்றே ஒன்று.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. யாருடையது என்று கேட்டேன். சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளை எழும்பினாள். கேட்டாலொழிய வாய் திறக்காத பிள்ளை.

"அப்பாட போன் சேர். எங்கட வீட்டில ஒண்டுதான் இருக்கு. விடியக் கடலுக்கு வெளிக்கிடேக்க நான்தான் போட்டுவிட்டனான். அவருக்குத் தெரியாது." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்வாங்குக்காரனைக் கூப்பிட்டேன். "கோடு கடலில எங்க எண்டு கேட்டனியெல்லோ? வா, வந்து எழுது." அந்தப் புள்ளி எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பாகை, கலை, விகலை கணக்கில் அவனைக்கொண்டே பலகையில் எழுதுவித்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பாடம் அவ்வளவு உயிரோடு நடந்ததில்லை.

பிறகுதான் கவனித்தேன், அந்தப் புள்ளி அசையவே இல்லை. வியாதி சும்மா விடுமா? "கடலுக்குப் போன வள்ளம் ஓடிக்கொண்டெல்லோ இருக்கோணும்? இது ஏன் ஒரே இடத்தில நிக்குது?"

வகுப்பில் பாதிப் பேர் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் முகம் செத்துப்போயிற்று. பலகைக்குப் பக்கத்தில் நின்றவன்தான் கடைசியில் மெதுவாகச் சொன்னான்.

"அங்கதான் சேர் அவருக்கு மீன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலடியில் கல்லுத் திட்டுகள் கிடக்கும். பார் என்பார்கள். அங்கேதான் மீன் நிற்கும். ஒருவர் தேடிக் கண்டுபிடித்த பாரைக் கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்லமாட்டார். வேறு வள்ளம் தெரிந்தால் சும்மா சுற்றிவிட்டு வந்துவிடுவார். இந்தப் பிள்ளையின் வீட்டில் உலை கொதிப்பது அந்த ஒரு இடத்தை நம்பி. அதைத்தான் ஊரிலுள்ள வள்ளக்காரரின் போனுக்கெல்லாம் அனுப்பிவிட்டிருந்தாள்.

"அழிச்சு விடுங்கோ சேர்" என்றாள். உடனே அழித்தேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதானே.

"அப்பா இனிப் போன் தரமாட்டார் சேர். பள்ளிக்கூடம் விடுவாரோ தெரியாது." மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

அன்று பின்னேரம் குழுவில் ஒரு ஆண்குரல் வந்தது. "வணக்கம் சேர், சல்லியில இருந்து கதைக்கிறன். மகள் விசயத்தைச் சொன்னவ. இண்டைக்கு எஞ்சின் நிண்டுபோச்சு. நங்கூரத்தைப் போட்டுட்டு அதிலயே கிடந்தனான். ஒரு மீனும் இல்ல. நாளைக்குப் பிள்ளையளுக்கு ஒழுங்கா ஓடிக் காட்டுறன்."

அப்பாடா என்றிருந்தது. நல்ல மெக்கானிக்கைத் தெரியும் என்று இன்னொரு தகப்பன் கீழே எழுதினார். இதற்கா இந்தப் பிள்ளை இப்படி அழுதது என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

அடுத்த நாள் புள்ளியைத் தகப்பனே போட்டிருந்தார். வள்ளம் ஓட ஓட நாங்கள் திசை பார்த்தோம், வேகம் கணித்தோம். பிறகு புதிதாக ஓரிடத்தில் போய் நின்றது. பாடம் முடிந்து மணி அடித்தது. புள்ளி காணாமல் போயிற்று. அதற்கடுத்த நாளும் அப்படியே. வேறு இடம், ஆனால் மணி அடிக்கும்வரை நின்றுவிட்டு மறைந்தது. நடுக்கடலில் நிற்கிறவருக்கு எங்கள் மணி எப்படிக் கேட்கிறது?

அதற்கு மறுநாள் பின்வாங்குக்காரன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அவனுடைய தகப்பனும் வள்ளக்காரர்தான்.

"உந்தப் புள்ளியை நம்பி எங்கட அப்பாவும் இன்னும் ரெண்டு வள்ளமும் போனவை சேர். எண்ணெய் எரிஞ்சதுதான் மிச்சம். அங்க ஒரு சூடை மீன்கூட இல்லையாம்."

வகுப்பு சிரித்தது. சல்லிப் பிள்ளை குனிந்தபடி இருந்தாள். தோள் குலுங்கியது. திரும்பவும் அழுகிறாளோ என்று கிட்டப் போனேன். சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்கு எல்லோரும் போனபிறகு அவளை மறித்தேன். "பிள்ளை, அப்பாட எஞ்சின் இப்ப சரியோ?"

"எஞ்சினுக்கு என்ன சேர்?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இனிச் சொல்லாமல் தப்ப முடியாது என்று அவளுக்கும் தெரிந்தது.

"எஞ்சின் நிக்கேல்ல சேர், அது அப்பாட பார்தான். அண்டைக்கு அழுது அழுதுதான் அப்பாட்டச் சொன்னன். அடிப்பார் எண்டு நினைச்சன். என்ர கண்ணைத் துடைச்சு விட்டார். பிறகு, 'நீ படிக்கத்தானே போட்டனி' எண்டார். அவ்வளவுதான். போனை எடுத்து உங்களுக்குக் கதைச்சார்."

"அப்ப இந்த ரெண்டு இடமும்?"

"ஒண்டுமில்லாத இடம் சேர். மற்ற ஆக்கள் அதைப் பாத்து அங்க போகட்டும் எண்டுதான். காலமை மீன் பிடிக்கிற நேரம் முழுக்கச் சும்மா நிக்கிறார். எனக்காக." சிரித்துக்கொண்டிருந்த கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். எழும்பிப்போய், அழிப்பதற்கு ஒன்றுமில்லாத பலகையை அழித்தேன்.

"அப்ப உன்னைக் குழுவில இருக்க விடுவாரோ?" என்று பலகையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"ஓம் சேர். நாளைக்குப் பாடம் எத்தினை மணிக்கு முடியும் எண்டு கேட்டுக்கொண்டு வரச் சொன்னவர். அதுக்குப் பிறகுதான் மீனுக்குப் போகோணுமாம்."