பெரியப்பா ஜெயிலுக்குப் போன கதை

எங்கள் பெரியப்பா பிற்காலத்தில் சென்னையில் மந்திரியாக இருந்தார். டெல்லிப் பார்லிமென்டிலும் சில வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்பேர்ப்பட்டவரைக் கைது செய்ய ஆளில்லாமல் நாங்கள் தவித்த காலம் ஒன்று உண்டு.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம், யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யுத்தத்துக்கு உதவாதே என்று ஒவ்வொருவராகத் தெருவில் நின்று கோஷம் போட்டு ஜெயிலுக்குப் போவது என்று கட்சியில் ஏற்பாடு. நாள், இடம், நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சர்க்காருக்கு எழுதிவிட வேண்டும். எங்கள் ஊரான சோழவந்தானில் அந்த முறை பெரியப்பாவுக்கு வந்தது. ஜெயிலைப் பார்க்காதவருக்குக் கட்சியில் மதிப்பில்லை. அதனால் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வடை பாயசத்தோடு விருந்து நடந்தது. மாலையும் கழுத்துமாகச் சந்தைப்பேட்டையில் போய் நின்று கோஷம் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளை நிறுத்திக் கடைசிவரை கேட்டார். "வெயில் ஏறுது, வீட்டுக்குப் போங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் விருந்து இல்லை, மாலையும் பழசு. வெற்றிலைக் கடையில் ஒருவர், "என்ன மாப்ள, இன்னைக்கும் சாப்பாடு வீட்லதானா?" என்று கேட்டே விட்டார். பெரியப்பா அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். இப்படியே போனால் அண்ணனின் அரசியல் அத்தோடு சரி என்றார் அப்பா. பெரியம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவளுக்கு அப்போதுதான் ஏழு மாதம்.

எனக்கு எட்டு வயது. பெரியப்பா என்றால் உயிர். சப்-இன்ஸ்பெக்டரின் மகள் என்னோடு படித்தாள். அவளோடு விளையாடும் சாக்கில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"எங்க பெரியப்பாவப் புடிச்சிட்டுப் போங்க சார். அம்புட்டு ஆசையா இருக்காரு."

அவர் சிரிக்கவில்லை. "பிரசவம் முடியட்டும்னு உங்க பெரியம்மா வந்து அழுதாங்களே தாயி. இப்பச் சம்மதிச்சிட்டாங்களா?"

பெரியம்மாவுக்கு விவரம் பத்தாது என்று எனக்குத் தோன்றியது. "ஆமா, அவுகதான் சொல்லிவிட்டாக" என்றேன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா வாயைத் திறந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். சந்தையே ஆரவாரித்தது. ஓரமாக நின்ற பெரியம்மாவின் முகம் மட்டும் வெளுத்துப்போனது. அதைப் பார்த்துவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் தடுமாறினார். "நீங்க சொல்லிவிட்டதாத்தானே பிள்ளை வந்து சொல்லுச்சு?" என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, மூன்று நாள் அவமானமும் தீர்ந்து மலர்ந்து நின்ற பெரியப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா, நாந்தான் சொல்லிவிட்டேன். கூட்டிட்டுப் போங்க."

பெரியப்பா விடுதலையாகி வந்தபோது தம்பிக்கு நாலு மாதம். யாரோ என்று நினைத்து அவரைக் கண்டு வீறிட்டான். "என்னை ஜெயிலுக்கு அனுப்பியதே என் சம்சாரம்தான்" என்று மதுரையிலும் சென்னையிலும் டெல்லியிலும் மேடைக்கு மேடை அவர் சொல்வார். பெரியம்மா ஒருநாளும் மறுத்ததில்லை.

எனக்கோ அவர் கைதான அன்று மகா கோபம். காரியத்தை முடித்தவள் நான், பேரை வாங்கிக்கொண்டது பெரியம்மா! அன்று முழுக்க அவளோடு பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவளே என்னைத் தேடி வந்து, தலையைத் தடவி, சாப்பிடக் கூப்பிட்டாள்.