பின்கழுத்து மச்சம்

தெரு அவருக்கு வைத்த பெயர் வாயாடி. முடிவெட்டும் கடைக்காரர். கத்தரியை எடுத்தால் மழை, அரசியல், மூட்டுவலி, பக்கத்து வீட்டு வாடகை என்று ஒன்றையும் விடமாட்டார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவரின் உடம்பைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். தழும்போ மருவோ, கண்ணில் படாத மாதிரி சுற்றி வெட்டிவிடுவார். தொழில் மரியாதையாம். என்னைக் கேட்டால் வம்பு எதற்கு என்கிற பயம்.

அவருடைய தங்கையின் கணவர் பஸ் டிரைவர். மாதம் தவறாமல் இவரிடம்தான் வருவார். அவர் பின்கழுத்தில் ஒரு மச்சம். அது பெரிதானதும், ஓரம் கோணியதும், நிறம் மாறியதும் வாயாடியின் கண்முன்னால்தான். கத்தரி வளைந்து வளைந்து போனது. கடைசியில் சட்டைக் காலரில் ரத்தத்தைப் பார்த்த தங்கை, கணவரை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். தோல் புற்றுநோய் என்றார்கள். அன்றிலிருந்து வாயாடிக்கு வாயில் வைத்தது இறங்கவில்லை. குற்றம் தன்னுடையது என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது.

சோதனை நிலையிலிருந்த ஒரு புதுச் சிகிச்சைக்கு மாப்பிள்ளை சம்மதித்தார். தபால்தலை அளவில் ஒரு பட்டை. அதில் கண்ணுக்கே தெரியாத ஊசிகள். அவை தோலுக்குள் கரைந்து நானோ துகள்களை விட்டுவிடும். மேலே விளக்கைப் பிடித்தால் துகள்கள் சூடேறிப் புற்றைப் பொசுக்கும். பட்டை ஒழுங்காகப் பதிய, சுற்றியுள்ள முடியை மழிக்க வேண்டும். நர்ஸ் வந்தபோது மாப்பிள்ளை தடுத்துவிட்டார்.

"என் கழுத்துல கத்தி வைக்கிற உரிமை எங்க மச்சானுக்கு மட்டும்தாம்மா."

வாயாடி வந்தார். மச்சத்தின் மேல் படாமல் மழித்தார். கண்டும் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட நினைத்தார். அதற்குள் குனிந்திருந்த மாப்பிள்ளையே பேசினார்.

"அந்த இடம் வந்தா உங்க கை மெதுவாயிடும் மச்சான். எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு உங்க தங்கச்சி அப்பவே சொன்னா. மச்சான் மாசாமாசம் பாக்குறாரு, தப்பா இருந்தா சொல்லமாட்டாரான்னு நான்தான் அவ வாயை அடைச்சேன்."

அவர் குரலில் துளி கோபமில்லை. திட்டியிருந்தால் வாயாடி தாங்கியிருப்பார்.

"பயமா இருந்துச்சு மாப்ள" என்றார். "பயந்துதான் சுத்தி வெட்டினேன்."

மாப்பிள்ளை குனிந்தபடியே இருந்தார். நர்ஸ் பட்டையை ஒட்டி, ஊசிகள் கரைந்த பிறகு விளக்கைப் போட்டாள். அது அணையும்வரை அவர் ஒருமுறைகூட மச்சான் என்று கூப்பிடவில்லை.