பொறுப்பாளர் இல்லாத வலை

நான் எழுதிய ஒரே புத்தகத்துக்கு முப்பத்தாறு பக்கங்கள். அட்டை கிடையாது. பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த போட்டோக்கொப்பிக் கடையில் இருபது பிரதிகள் எடுத்து நானே ஸ்டேப்ளர் அடித்தேன். அதில் ஒன்று பொலிஸ் நிலையத்துக்குப் போனது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். வடக்கிலும் கிழக்கிலும் சண்டை மறுபடி மூண்டிருந்தது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்த நான், கொழும்பில் கணினி படித்துவிட்டு வந்து, பதுளையில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் டைப்பிங், பின்னேரம் வேர்ட். வகுப்பு இல்லாத நேரங்களில் நிலையத்தின் மெதுவான இன்டர்நெட்டில் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். அப்படித்தான் அந்த மென்பொருள் கண்ணில் பட்டது.

பல நாடுகளில் இருந்த, ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத சிலர் சம்பளமில்லாமல் எழுதியது அது. செய்திகளைச் சேர்த்து வைக்க நடுவில் பெரிய கணினி எதுவும் இல்லை. வலையில் இருக்கும் ஒரு சிறு கணினிப் பெட்டி தனக்குப் பக்கத்துப் பெட்டியிடம் கம்பியில்லாமல் செய்தியைக் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம். ஒன்று செத்தால் செய்தி வேறு வழியாகச் சுற்றிப் போகும். இடையில் இருப்பவர் பிரித்துப் படிக்க முடியாது.

அப்போது எங்கள் தோட்டங்களின் பள்ளங்களில் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடையாது. தோட்டத்துக்கே ஒரு போன்தான், அதுவும் ஆபீசில். ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால் யாராவது மலை இறங்கி ஓடி, கிளாக்கரிடம் கெஞ்சி, லொறிக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகளை மலைக்கு மலை வைத்தால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நேராக டிஸ்பென்சரிக்குச் செய்தி போகும் என்று நம்பினேன்.

ஆனால் அதை ஒரு கணினியில் ஓட வைக்க எனக்கே ஐந்து வாரம் பிடித்தது. எழுதியவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காக எழுதியிருந்தார்கள். ஒரு படியைத் தவறவிட்டால் மூன்று படிகளுக்குப் பிறகுதான் அது நின்றுபோகும், எங்கே தவறியது என்று சொல்லாது. 'எல்லோருக்கும் தெரிந்தபடி' என்று ஓர் இடத்தில் இருந்தது. அந்த வரியில் மட்டும் நான்கு நாள் நின்றேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அப்படி நிற்கக் கூடாது என்று நினைத்தேன். படிகளை எல்லாம் ஒரே கோப்பாகக் கட்டினேன். பிழைச் செய்திகளைத் தமிழாக்கினேன். வலையமைப்பை நிறுவவும், அதன் மேல் சொந்தமாகச் சிறு நிரல்கள் எழுதவும் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதினேன். அதுதான் அந்த முப்பத்தாறு பக்கம்.

அதைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்தேன். படித்து முடித்தவள் ஒருத்திதான்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஏ.எல். பரீட்சையில் சித்தியடைந்து, தன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பா ஃபெக்டரியில். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவாள். புத்தகம் கொடுத்த அடுத்த சனிக்கிழமையே பென்சில் குறிகளோடு வந்தாள்.

“அக்கா, எல்லா எடத்துலயும் சகா, சகான்னு போட்டிருக்கீங்களே, அது என்னா?”

“வலையில இருக்கிற மத்த பெட்டிதான். பக்கத்துல இருக்கிறது.”

“சகான்னா கட்சிக்காரங்க பேச்சு மாதிரி இருக்குக்கா. பக்கத்து காம்பரான்னு போடுங்க. லயத்துல சின்னப் புள்ளைக்குக்கூட வெளங்கும்.”

லயத்தில் ஒவ்வொரு குடும்பமும் இருக்கும் அறைக்குக் காம்பரா என்று பெயர். சுவர் மட்டுமே நடுவில். அன்றே மாற்றினேன். அவள் சொல்லி மாற்றிய இடங்கள் இன்னும் நிறைய. எனக்குச் சுலபமாகத் தெரிந்ததெல்லாம் சுலபமில்லை என்று அவள்தான் காட்டினாள்.

நன்கொடையாகக் கிடைத்த இரண்டு பழைய பெட்டிகளில் ஒன்றை அவள் லயத்திலும், மற்றதை எதிர்மலை டிவிஷன் டிஸ்பென்சரியிலும் வைத்தோம். அன்டெனாவை வெற்றுப் பால்மா டின்னில் அவளே செய்து தகரக் கூரையில் கட்டினாள். முதல் செய்தி போய்ச் சேர்ந்த அன்று டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர் 'மழை இங்கேயும்' என்று பதில் அனுப்பினார். அவள் அதைத் தன் அம்மாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினாள்.

ஆனால் கரண்ட் போய் வந்தால் பெட்டி பக்கத்துக் காம்பராவை மறந்துவிடும். மறுபடி நான் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் கரண்ட் போகாத நாள் ஏது? அவள் இரண்டு மாதம் முயன்று, பெட்டி விழித்ததும் பழைய பக்கத்துக்காரரைத் தேடிக் கூப்பிடும்படி நிரலைத் திருத்தினாள். வேலை செய்தது. அந்தத் திருத்தத்தை அவள் பெயரிலேயே, மென்பொருளை எழுதிய வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பினேன். தங்கள் ஒழுங்குப்படி அனுப்பவில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஒழுங்குப்படி அனுப்பினோம். அதற்குப் பதில் வரவில்லை. அதற்குள் அவர்கள் அவள் திருத்தம் இல்லாமலே புதிய பதிப்பு வெளியிட, என் புத்தகத்தில் பாதி பழசாகிப்போனது. நான் மறுபடி எழுத ஆரம்பித்தேன்.

அந்த வாரம் தெற்கில் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. தோட்டங்களில் சோதனை நடந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு அவள் லயத்துக் கூரையில் பால்மா டின்னைப் பார்த்தார்கள். டின்னோடு பெட்டியையும் புத்தகத்தையும் அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து புத்தகத்தை வாசிக்க வைத்திருக்கிறார்கள். பிறகு கேட்டிருக்கிறார்கள்: இதுக்குத் தலைவர் யார்?

“யாரும் இல்லீங்க சேர். இதுக்குத் தலைமையே கெடையாது.”

அப்படியென்றால் யார் யாருக்குச் செய்தி அனுப்புகிறார்கள்?

“யாரும் யாருக்கும் அனுப்பலாம் சேர். நடுவுல யாரும் படிக்க முடியாது. ஒன்ன ஒடச்சாலும் மத்தது வேலை செய்யும்.”

இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியிருந்த வாக்கியங்கள் அவை. அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

விஷயம் தெரிந்ததும் பயிற்சி நிலையத்தின் அடையாள அட்டையோடு பொலிசுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் கோபப்படவில்லை. சிங்களத்தில் நிதானமாகத்தான் கேட்டார். “இந்தத் திட்டத்தை நடத்துகிறவர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொண்டு வாருங்கள். முத்திரையும் வேண்டும்.”

பயிற்சி நிலையத்துக்கு ஓடிவந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். நம்மில் ஒருத்தியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், யாராவது ஒரு கடிதம் தாருங்கள் என்று. நான்கு பேர் பதில் போட்டார்கள். எல்லோருக்கும் மெய்யாகவே வருத்தம்தான். ஒருவர் எழுதியிருந்தார்: எங்களுக்கு அலுவலகம் இல்லை, முத்திரை இல்லை, யார் சார்பிலும் கையெழுத்திட எங்களில் யாருக்கும் உரிமை இல்லை. நான் வேலை செய்த நிலையத்தின் முதலாளியும் தன் கடிதத்தாளைத் தர மறுத்துவிட்டார். “தங்கச்சி, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு” என்றார். என் பெயரில் நானே ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். வாங்கி, வாசிக்காமல் கோப்பில் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் அப்பா தொழிற்சங்கத் தலைவரைப் பிடித்தார். அவர் தோட்ட மேனேஜரான பெரிய தொரையிடம் போனார். தொரை தோட்டத்துக் கடிதத்தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அதற்காக அவள் அப்பா பங்களா வாசலில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றிருந்தார். பின்னேரம் அவளை விட்டுவிட்டார்கள். பெட்டியைத் தரவில்லை.

அவளைப் பார்க்க லயத்துக்குப் போனேன். அவள் அம்மா என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று, “நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு ஒன்னும் ஆகாது. எங்க புள்ளைய விட்ருங்கம்மா” என்றார். உள்ளே இருந்து அவள் எட்டிப் பார்த்தாள். வெளியே வரவில்லை.

அவர் சொன்னது சரி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பொலிசார் என்னைத் தேடிக்கூட வரவில்லை. புத்தகத்தில் என் பெயரை நான் போட்டிருக்கவில்லை. யாருடைய சொத்தும் இல்லை என்று காட்டுவதற்காக அப்படி விட்டிருந்தேன். பெருமையாகத்தான் விட்டிருந்தேன். எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும், எந்தப் பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முப்பத்தாறு பக்கம் யோசித்தவளுக்கு, ஒரு தோட்டத்துப் பெண் கூரையில் இதைக் கட்டினால் யார் வந்து கேட்பார்கள் என்று ஒரு வரி யோசிக்கத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளை இனி வர வேண்டாம் என்றார்கள். ஆறேழு மாதத்தில் அவள் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போனாள். டிஸ்பென்சரிக்காரர் தன்னிடமிருந்த பெட்டியைப் பழைய சாக்கில் சுற்றி என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பேசத் துணை இல்லாத ஒற்றைப் பெட்டி. சண்டை முடிந்த பிறகு மலைகளில் கம்பெனிக்காரர்களின் டவர்கள் எழும்பின. எல்லோர் கையிலும் போன் வந்தது. அந்த மென்பொருளின் இணையப் பக்கம் ஒரு நாள் திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை.

பல வருடம் கழித்து, லீவில் வந்திருந்தவளைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். மெலிந்திருந்தாள். கையில் நல்ல போன். நலம் விசாரித்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

“அக்கா, நான் திருத்துனத அவங்க எடுத்துக்கிட்டாங்களா?”

“எடுத்துக்கிட்டாங்க” என்றேன்.

“எம் பேரு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

அவள் சிரித்தாள். அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, போனில் எப்படித் திறப்பது என்று கேட்டாள். இங்கே சிக்னல் சரியில்லை என்று சொன்னேன். பஸ் புறப்பட ஹோர்ன் அடித்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நம்பர் சொல்லுங்கக்கா என்று போனை எடுத்தாள். சொன்னேன். பிறகு அவளிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை.