ஆள் இல்லாத மலைகள்

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய பட அட்டைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் ஊர்க்காட்சியும் மறுபக்கம் விலாசம் எழுத இடமும் உள்ள, தபாலில் போடுகிற அட்டைகள்தான். நுவரெலியா ஏரி, பனிமூட்டத்துக்குள் பாதி தெரிகிற தேயிலைத் தொழிற்சாலை, றொசல்லைப் பக்கம் வளைந்து வருகிற கரி ரயில், கந்தப்பளை மலைச்சரிவு. பழையவை கறுப்பு வெள்ளை. பிறகு வந்தவை கலர். அந்தக் கலர் அட்டைகளில் வானம் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் மாதிரி இருக்கும்.

இதை வெளியில் சொல்ல எனக்குக் கூச்சம். நான் ஹட்டனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். படித்தது பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரைதான். என்னைப் போல ஒருத்தி பழைய அட்டை சேர்க்கிறாள் என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். என் கணவர் சிரிப்பதே போதும். அவர் த்ரீவீல் ஓட்டுகிறவர். டின்னைத் திறந்தாலே, "ஊர்ல இருக்கிற மலையெல்லாம் உள்ள போட்டு மூடிட்டா. இனி மழை எங்க போய் பெய்யுமோ!" என்பார்.

சேர்ப்பதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. படத்தில் ஆள் இருக்கக் கூடாது.

அது கொழும்பிலிருந்து வந்த பழக்கம். கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். எங்கள் மலைப்பக்கம் சுற்றுலா வந்து போன கடைப்பெண் ஒருத்தி, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்ணின் பட அட்டை ஒன்றை வாங்கி வந்து கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். தலையில் கயிறு, முதுகில் கூடை, பல் எல்லாம் தெரிகிற சிரிப்பு. "இது உங்கட அக்காவா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி அட்டையைக் கண்டால் என் முகத்தை யாரோ கண்ணாடியில் ஒட்டியது போலவே இருக்கும்.

பழைய சாமான் கடையில் வாங்குகிற கட்டுகளில் கொழுந்துப் பெண்களும் கலந்துதான் வருவார்கள். அவர்களைப் பிரித்து எடுத்து நுவரெலியாவில் உள்ள ஒரு தங்குமிடத்துக்குக் கொண்டுபோவேன். அந்த இடத்துக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த வகையில் அதை நடத்துகிற சிங்கள அம்மாவைத் தெரியும். சாப்பாட்டு மேசைக் கண்ணாடிகளுக்கு அடியில் வைக்க அவருக்கு ஆள் உள்ள அட்டைகள் வேண்டும். எனக்கு அவரிடம் இருக்கிற ஏரியும் மலையும் வேண்டும். மாற்றிக்கொள்வோம். கொடுத்த அட்டைகளில் ஒரு முகத்தையாவது நான் நின்று பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈரத்தில் அட்டைகளில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அவற்றைக் கட்டிலில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோட்டத்துப் பதிவில் பெயர் வெட்டி ஓய்வானதிலிருந்து அவர் எங்களோடுதான் இருக்கிறார். இடது கண் மங்கிவிட்டது. ஒவ்வொரு அட்டையாக வலது கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என்ன புள்ள, ஒரு ஈ காக்காயக் கூடக் காணோம். எல்லாரும் எங்க போய்ட்டாங்க, ஸ்ட்ரைக்கா?"

"ஆள் இருக்கிறத நான் சேக்குறதில்ல அத்தை."

"ஏனாம்?"

"சும்மாதான். ஆள் இல்லாட்டித்தான் பாக்க அழகா இருக்கும்."

அவர் அட்டையைக் கீழே வைத்தார். "என்னையும் ஒரு வெள்ளக்காரன் படம் புடிச்சான்" என்றார்.

கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதாம். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கங்காணி விசில் அடித்து எல்லாரையும் நிமிர்ந்து நிற்கச் சொன்னாராம். படம் எடுத்த துரை காரில் ஏறிப் போய்விட்டான். வெகுநாள் கழித்து, அந்தப் படம் கார்டாக வந்து நுவரெலியாவில் விற்கிறது என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வந்து சொன்னாராம்.

"அவர் சும்மா சொல்லியிருப்பாரு" என்றேன்.

"கண்டாக்கையா பொய் சொல்ல மாட்டாரு. பொய் சொல்றதெல்லாம் ஆபீசுல இருக்கிற கிளாக்கர்தான்."

அவருடைய கல்யாணத்தில் படம் எடுக்கவில்லை. இருப்பது அடையாள அட்டையில் உள்ள படம் ஒன்றுதான். அதைப் பார்த்தால் தனக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார். இப்போது கிளினிக்கில் மற்றக் கண்ணும் அவ்வளவு நல்லதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"கண்ணு இருக்கறப்பவே ஒருக்கா பாத்துடணும் புள்ள. உங்கிட்டதான் எல்லா கார்டும் இருக்கே."

பெண்கள் இருந்த எல்லா அட்டையையும்தான் நான் ஏரிக்கும் மலைக்கும் மாற்றிவிட்டேனே.

அடுத்த லீவு நாளில் அவரை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு வழி தெரியவில்லை. தங்குமிடத்து அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும், "மொனவத ஓன?" என்று சிங்களத்தில் அன்பாகத்தான் கேட்டார். என்ன வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்த அட்டைகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? மாமியாரே தன் சிங்களத்தில் சொல்லிவிட்டார். அந்த அம்மா சிரித்து, போய்ப் பாருங்கள் என்று கையைக் காட்டினார்.

நாங்கள் போன நேரம் சாப்பாட்டு நேரம். மாமியார் மேசை மேசையாகக் குனிந்து கண்ணாடிக்கு முகத்தை ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். "இவ இல்ல. இவளும் இல்ல. யாருடி நீ, இவ்வளவு நகை போட்டுக்கிட்டா மலைக்கு வருவ?" என்று படங்களோடு பேச்சு வேறு. ஒரு மேசையில் கொழும்பிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் சோற்றுத் தட்டைத் தூக்கிப் பிடித்து இடம் விட்டார்கள். நான் சுவரோரமாக நின்று, நானே தைத்த திரைச்சீலையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் யாரோ, நான் யாரோ என்று நிற்கத்தான் மனம் சொன்னது.

அந்தக் குடும்பத்து ஆண், விஷயத்தை மாமியாரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். "பாட்டி, நான் ஒரு படம் எடுக்கட்டா?" என்று போனைத் தூக்கினார். மாமியார் சட்டென்று நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கங்காணி விசில் அடித்தது போல நேராக நின்றார். எடுத்து முடித்ததும் அந்த ஆள் என்னிடம் திரும்பி, "உங்கட நம்பரத் தாங்க, அனுப்பிவிடுறன்" என்றார். நான் தலையை ஆட்டி, "பரவாயில்ல சேர்" என்று சொல்லி மாமியாரின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மாமியார் பேசினார்.

"நம்பரக் குடுத்தா என்ன, தேஞ்சா போயிருவ? இந்தப் படத்தையும் நான் பாக்கக் கூடாதா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் கோபத்தில் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார். தலவாக்கலை தாண்டி, ரோட்டிலிருந்து அருவி தெரிகிற வளைவு வந்தபோது பஸ் குலுங்கியதில் விழித்தார்.

"இந்தா, இங்கதான் அவன் காரை நிப்பாட்டினான்."

"யாரு?"

"படம் புடிச்சவன்தான். நாங்க அந்தா, அருவிக்கு இந்தப் பக்கத்து மலையில நின்னோம்."

"கிட்ட வரலயா?"

"அவன் எங்க கிட்ட வந்தான்? பள்ளத்துல எறங்கி ஏறணுமே. சப்பாத்து கெட்டுப்போகாதா?"

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே அத்தை."

"நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை. பெண்ணைப் படம் எடுத்தான் என்றால் முகத்துக்கு நேரே நின்று எடுத்திருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ரோட்டிலிருந்து எடுத்த அந்த அருவி அட்டை என் டின்னிலேயே இருக்கிறது. கலர் அட்டை. என்னிடம் உள்ளதில் எனக்கு மிகவும் பிடித்தது. இடது பக்கத்துப் பச்சைச் சரிவில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு வரிசை இருக்கும். அதை வேலிக் கல் என்றுதான் எண்ணியிருந்தேன்.

அந்த அட்டை நினைவுக்கு வந்ததோடு இன்னொன்றும் வந்தது. மிச்ச வழி முழுவதும் என்னால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி கழுவினேன். தேங்காய் துருவினேன். அப்படி ஓர் அட்டை என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். அவருக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் அவர் சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வேறொன்றும் கேட்காமல், "சோறு வேகட்டும், டின்னப் பாக்க நான் இருக்கேன்" என்றார். டின்னைக் கொண்டுவந்தேன்.

அருவி அட்டையை அவர் மடியில் வைத்து, நூல் கோக்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் முன்னும் பின்னும் நகர்த்தினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"நாங்கதான் புள்ள! வரிசையா நெர புடிச்சு நிக்கிறோம் பாரு. இந்தக் கூட்டத்துல இந்தப் பக்கம் நிக்கிறது உங்க பெரிய மாமியா, அவதான் எப்பவும் முன்னுக்கு."

"நீங்க எங்க அத்தை?"

"நான் கூட்டத்துல இல்ல. புதுசா வந்தவளுக்கு யாரு நல்ல நெர குடுப்பா? பள்ளத்து ஓரந்தான் குடுப்பாங்க. கொழுந்தும் இருக்காது, கால் வைக்க எடமும் இருக்காது. தனியா ஒரு புள்ளி நிக்கும், செவப்புச் சேல. தேடு."

நான் தேடவில்லை. இடம் எனக்குத் தெரியும்.

அட்டை வாங்கிய புதிதில் அந்தச் சிவப்புப் புள்ளி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலிக் கல்லும் இல்லை, தனியாக ஒரு கறை. தப்பாகப் போன தையலைப் பிரிக்கிற பிளேடு முனையால் அதை மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். வெள்ளைத் தாள் தெரிந்தது. அதன்மேல் என் மகளின் கலர்ப் பென்சிலால் பச்சை பூசினேன். குறை தெரியாமல் சரிபார்ப்பதுதான் என் தொழில். நன்றாகச் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

"காணோமே. என் கண்ணுதான் தெரியலயா? நீ பாத்துச் சொல்லு."

"இல்ல அத்தை" என்றேன். "இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு நான்தான் சுரண்டிட்டேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். பிளேடு, பென்சில் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை முடித்து அப்போதுதான் உள்ளே வந்த என் கணவரும் சாவியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அவர்கூடச் சிரிக்கவில்லை.

மாமியார் கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு மகனைப் பார்த்து, "கேட்டியாடா! ஊர்ல மருமகளுங்க மாமியார வீட்ட விட்டுத்தான் தொரத்துவாளுங்க. உம் பொஞ்சாதி மலைய விட்டே தொரத்திட்டா" என்றார்.

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மாமியார் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். கேலி பேசிய பிறகும் அவர் விரல் அட்டையின் மேல் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அங்கே ஒன்றும் தட்டுப்படாது. அவ்வளவு வழவழப்பாகத்தான் நான் செய்திருந்தேன்.

"அழாத. நீ தைக்கிறவதானே. ஒரு தையல் போட்டு என்னைய அங்கேயே நிக்க வச்சிரு."

அட்டையில் ஊசி குத்தினால் அட்டை கெட்டுப்போகும் என்று முதலில் மனம் சொன்னது உண்மை. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. பிறகு எழுந்துபோய், இருப்பதில் மெல்லிய ஊசியில் சிவப்பு நூல் கோத்து வந்தேன். பள்ளத்து ஓரத்தில் பச்சைப் பென்சில் பட்ட இடத்தில் ஊசியைப் பின்னாலிருந்து ஏற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, திரும்ப இறக்கினேன். முடிச்சு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மற்றப் பெண்களின் புள்ளியைப்போல மூன்று மடங்கு இருந்தது.

மாமியார் கண்ணாடியை எடுக்கவில்லை. விரலால் தேடி அதைத் தொட்டார்.

"இப்ப சரி. கண்ணு போனாலும் தட்டுப்படும்."

அந்த அட்டை இப்போது அவர் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அன்றைக்கு எல்லாரும் படுத்த பிறகு நான் டின்னை மடியில் வைத்து, மற்ற அட்டைகளைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆளே இல்லை என்று நான் சேர்த்த மலைகளில் கொழுந்துக்கூடைகள் இருந்தன. ராகலைப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் வாசலில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கந்தப்பளைச் சரிவில் இன்னொரு பச்சைப் பென்சில் இடம் இருந்தது. அதுவும் என் கைவேலைதான்.

அங்கே இருந்த புள்ளி என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. ஊசியில் மிச்சமிருந்த சிவப்பு நூலை அறுக்காமல், அப்படியே மடித்து டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.