பூவரசங்கலட்டியின் மூத்த பெடியன்

கிணற்றுக்குள் இறங்கும் முன்னர் தம்பிராசா கிணற்றுக்கட்டில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, "ஆரும் இருக்கிறியளோ?" என்று ஒருதரம் கேட்பார். புறா இருந்தால் சடசடத்து மேலே வரும். தவளை இருந்தால் குதிக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடிப்பார். கேட்காமல் அவர் இறங்கியதை ஒருவரும் கண்டதில்லை. "ஒருத்தற்றை வீட்டுக்கை போகேக்கை கூப்பிட்டுட்டுத்தானே போறனாங்கள்" என்பது அவருடைய நியாயம்.

வயது ஐம்பத்தாறு. தொழில் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவது. தண்ணீர் இறைக்கும் மெசினைச் சைக்கிள் கரியரில் வைத்து, பழைய ரியூபால் இறுக்கிக் கட்டி, வலிகாமம் முழுக்க மிதிப்பார். ஆவணி, புரட்டாதியில் நாளுக்கு இரண்டு கிணறு. மேலே வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடி கேட்பார். முகத்துச் சேற்றைத் துடைக்க என்று வீட்டுக்காரர் நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், தலைமயிரைத்தான் வாரிக்கொள்வார். முகம் அப்படியே இருக்கும்.

அவருடைய ஊர் பூவரசங்கலட்டி. காங்கேசன்துறைப் பழைய சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் சனம் எழும்பி ஓடியபோது நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். இருபத்தேழு வருடம் கழித்து இராணுவம் ஊரை விட்டுக்கொடுத்தபோது திரும்பி வந்தது பத்தொன்பது குடும்பம். வந்தவர்கள் முதல் நாள் பற்றைக்காட்டின் முன்னால் நின்று, யாருடைய வீடு எங்கே இருந்தது என்று தெரியாமல் விழித்தார்கள். வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, சுவர் இல்லை. கிணற்றை மட்டும் யாராலும் கழற்றிக்கொண்டு போக முடியவில்லை.

தம்பிராசா அன்றைக்கு ஒவ்வொரு கிணறாக இறங்கினார். "இது நடராசா அண்ணையின்ரை. மேற்குப் பக்கத்திலை ஒரு கல்லு துருத்திக்கொண்டு நிக்கும், பத்து வயசிலை என்ரை முழங்காலை உடைச்ச கல்லு" என்று உள்ளேயிருந்து கத்துவார். மேலே நின்ற குடும்பம் அந்த இடத்திலேயே தடி நட்டு எல்லை போடும். ஒருவர், "என்ன காணும், நிச்சயமோ?" என்று கேட்டதற்கு, "வேணுமெண்டால் நீரும் இறங்கி முழங்காலை அடிச்சுப் பாரும்" என்றார். ஊரின் படமே அப்படித்தான் மறுபடி வரையப்பட்டது.

இப்போது ஊரில் ஐம்பத்தேழு பேர். இந்தக் கணக்கு தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற கனகலிங்கத்தாருடையது. சனசமூக நிலையத் தலைவர். பேப்பர் மேசைக்கு மேலே ஒரு கரும்பலகை தொங்குகிறது. அதில் 'மொத்தச் சனம்' என்று எழுதி, ஒரு ஆள் கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கே அழித்து எழுதுவார். பெரும்பாலும் அழிப்பது குறைக்கத்தான். அதற்குச் சாவையும் விமானத்தையும் மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பொம்பிளை வீட்டுக்குத்தான் குடிபோவான். பெட்டையள் நிறைந்த ஊர் பெருகும், பெடியள் நிறைந்த ஊர் தேயும். பூவரசங்கலட்டி பெடியள் நிறைந்த ஊர். ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கனகலிங்கத்தார் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வந்து ஒரு ஆளைக் குறைப்பார்.

இந்த நிலைமையில் தம்பிராசா ஊருக்குக் கிடைத்த நிரந்தர வைப்பு. ஏன் முடிக்கவில்லை என்று கேட்டால், "சாதகம் தொண்ணூறிலை வீட்டோடை போச்சுது. சாதகமில்லாதவனுக்கு ஆர் பொம்பிளை தாறது?" என்பார். புதிதாகக் கணித்துத் தருகிறேன் என்று வந்த சாத்திரியாரிடம் தனக்குப் பிறந்த நேரம் ஞாபகமில்லை என்று சொல்லி அனுப்பினார். அப்பனும் அவரை 'அண்ணை' என்கிறான், மகனும் 'அண்ணை' என்கிறான், பாலர் வகுப்புக்குப் போகிற பேரனும் 'அண்ணை' என்கிறான்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் ஊர் விளையாட்டுப் போட்டி. கடைசி நிகழ்ச்சி கயிறிழுத்தல்: கலியாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும். எண்பத்தாறாம் ஆண்டிலிருந்து முடிக்காதவர்கள் பக்கத்தில் கடைசி ஆள் தம்பிராசாதான். மல்லாகத்து அகதி முகாமில் கொட்டிலுக்கும் கொட்டிலுக்கும் நடுவே நடந்தபோதும் அவர்தான். பக்கத்தில் நின்று இழுத்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். "அப்பன்மாரை எதிர்த்து இழுத்து முடிச்சிட்டன். இப்ப மகன்மாரைப் பக்கத்திலை வைச்சு இழுக்கிறன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

போன புரட்டாதியில் சண்டிலிப்பாயில் ஒரு மிளகாய்த் தோட்டத்துக் கிணறு இறைக்கப் போனார். வழக்கம்போலக் குனிந்து, "ஆரும் இருக்கிறியளோ?" என்றார்.

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. மேலை ஒராள் நிக்கிறன்" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

அதுதான் ஞானாம்பிகை. ஐம்பத்தொரு வயது. தம்பிமார் மூன்று பேரையும் படிப்பித்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, சொந்த வீட்டில் தனியாக இருந்து தோட்டம் செய்கிறவர். அன்றைக்கு மேலே வந்த தம்பிராசா கண்ணாடி கேட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக முகத்தையும் துடைத்தார்.

அடுத்த கிழமை, தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். அதற்கடுத்த கிழமையும் போனார். மாரி பெய்து கிணறு வாய்வரை நிரம்பிய பிறகும் போனார். தை மாதம் ஞானாம்பிகை தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "தண்ணி எப்பவோ தெளிஞ்சிட்டுது. உங்களுக்குத்தான் இன்னும் தெளியேல்லைப் போலை. கேக்கிறதைக் கேட்டுட்டுப் போங்கோவன்" என்றார்.

பங்குனி உத்தரத்தன்று சண்டிலிப்பாயில் ஒரு சின்னக் கோயிலில், பத்துப் பேருக்கு முன்னால் தாலி கட்டினார். சாதகத்தை ஒருவரும் கேட்கவில்லை.

பூவரசங்கலட்டி சந்தோசப்பட்டது, அதோடு பயந்தும் போனது. பின்னேரம் அவர் சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளில் போவதும் விடியத் திரும்புவதுமாக மூன்று கிழமை ஓடியது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மெசின் எங்கே நிற்கிறது என்று மட்டும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டார்கள். கனகலிங்கத்தார் கரும்பலகைச் சோக்கட்டியைச் சட்டைப் பையிலேயே கொண்டு திரிந்தார்.

உண்மையில் தம்பிராசா கேட்கவேண்டியதை ஞானாம்பிகையிடம் கேட்டிருந்தார். "நீர் அங்கை வாருமன். ஊரிலை சனம் காணாது." நினைத்துப் பார்த்தால் பெரிய கேள்விதான். வீடு, வாசல், பசளை போட்டு உரமாக்கிய மண், எல்லாவற்றையும் விட்டுக் கல்லு நிலத்துக்கு வரச் சொல்லி ஒரு பெண்ணை எந்த மாப்பிளையும் கேட்டதில்லை. ஞானாம்பிகை ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டன் என்றும் சொல்லவில்லை. "வருசம் பிறக்கட்டும் பாப்பம். வாறதெண்டால் விளையாட்டுப் போட்டிக்கு முதல் வந்திடுவன். வராட்டில் நீங்கள் மெசினை ஏத்திக்கொண்டு இஞ்சை வாங்கோ" என்றார். தம்பிராசா சரி என்றுவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை.

விளையாட்டுப் போட்டியன்று சங்கீதக் கதிரை முடிந்தது, தேங்காய் துருவல் முடிந்தது, கண்ணைக் கட்டி முட்டி உடைத்தலும் முடிந்தது. தம்பிராசா ஒன்றையும் பார்க்கவில்லை. றோட்டைத்தான் பார்த்தார். கனகலிங்கத்தார் ஒலிவாங்கியில் கயிறிழுத்தலை அறிவித்தார்.

முடிக்காதவர்கள் பக்கம் ஐந்து பேர் நின்றார்கள். அவர்களில் மூத்தவன் பிரவீணனுக்கு இருபத்துமூன்று வயது. "அண்ணை, இவ்வளவு காலம் பொறுத்தனீங்கள், இன்னும் மூண்டு கிழமை பொறுத்திருக்கலாம்தானே!" என்று கத்தினான். சனம் சிரித்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் படித்துக்கொண்டிருக்கும் தனுஷா எழும்பி வந்து கயிற்றைப் பிடித்தாள். "நானென்ன கலியாணம் முடிச்சனானோ? ஆறாவது ஆள் நான்."

"பொம்பிளைப் பிள்ளையள் இழுக்கிற வழக்கமில்லைப் பிள்ளை" என்றார் கனகலிங்கத்தார்.

"விதியிலை எழுதிக்கிடக்கோ, மாமா?"

கனகலிங்கத்தார் விதிக்கொப்பியைப் புரட்டினார். எழுதிக் கிடக்கவில்லை. ஆனால் தேடின இடத்தில் வேறொன்று எழுதிக் கிடந்தது. ஊரில் குடியிருப்பவர் மட்டுமே கயிறு பிடிக்கலாம். எண்பத்தெட்டாம் ஆண்டு, வெளியூருக்கு மாப்பிளையாகப் போன ஒருவன் போட்டிக்கு வந்து ஒரு பக்கத்தையே தனியாக இழுத்து விழுத்தியதால் வந்த விதி. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பிராசா, நான் கேக்கத்தான் வேணும். நீர் இந்த ஊரோ, சண்டிலிப்பாயோ?"

ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டார். கேள்வி ஊர் முழுக்கக் கேட்டது.

தம்பிராசா நடுக்கோட்டில் நின்றார். கயிறு அவருடைய காலடியில் கிடந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் அதைப் பிடிக்காமல் நின்றது அன்றைக்குத்தான். "பொறுங்கோ அண்ணை" என்றார். ஒரு நிமிடம் பொறுத்தார்கள். இரண்டாவது நிமிடம் ஒரு குழந்தை அழுதது. மூன்றாவது நிமிடம் முடித்தவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "விடும் கனகலிங்கம், ஆள் போறதெண்டால் கடைசியா ஒருக்கால் இழுத்துப்போட்டுப் போகட்டும்" என்றார். தம்பிராசா தலையை ஆட்டினார். "சரி அண்ணை. அப்ப நான்..."

றோட்டில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியை இழுத்துப் படபடத்துக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் ஒரு சிவப்புப் பசு, அதன் காலுக்குள் கன்று. பசுவின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஞானாம்பிகை.

விருந்துக்கு வருகிறவர்கள் மாடு கொண்டு வருவதில்லை.

பசுவை இறக்கிய ஞானாம்பிகை நெற்றி வியர்வையைத் துடைத்தார். "தோட்டத்தைப் பக்கத்து வீட்டுக்குக் குத்தகைக்குக் குடுத்திட்டன். இவள் ஏற மாட்டன் எண்டு ஒரே பிடிவாதம், அதுதான் பிந்திப்போச்சு" என்று தம்பிராசாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு பொதுவாகச் சனத்தைப் பார்த்து, "மாட்டுக்கு நிழல் எந்தப் பக்கம்?" என்றார்.

ஐம்பது கைகள் பூவரச மரத்தைக் காட்டின.

தம்பிராசா சேட்டுக் கைகளை மடித்துக்கொண்டு, முடித்தவர்கள் பக்கம் போய்க் கடைசியில் நின்று கயிற்றைத் தூக்கினார். பிரவீணன், "துரோகி அண்ணை!" என்று கத்தினான். கனகலிங்கத்தார் விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. இரண்டு பக்கத்துப் பன்னிரண்டு பேரும் கயிற்றைப் பிடித்தபடி மரத்தடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஞானாம்பிகை பூவரசின் கீழ் மாடு கட்டும் கட்டையை நட்டு, ஒரு கல்லை எடுத்து அறைந்தார். கட்டை ஒரு சாண் இறங்கியது. ஒரு பின்னேரத்துக்கு அது போதும். அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னும் ஒரு சாண் இறக்கினார்.