நைனா வெட்டிய கொய்யா

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற கொய்யா மரத்தை வெட்டிச் சீர்செய்தது நான்தான். இதை இப்போதெல்லாம் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. அன்றைக்குச் சொன்னதே போதும்.

எங்கள் நைனாவின் வலது கையில் மூன்று விரல்களைக் கம்பெனி பிரஸ் மிஷின் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், கையில் பிடிமானம் இருந்தால் ஸ்டோரில் வேலை போட்டுத் தருவார் என்று தகவல் வந்தது. நைனா நேராகப் பின்பக்கம் போனார். பல வருஷமாகக் கவனிப்பாரில்லாமல், காய்ந்த கிளையும் புல்லுருவியுமாக நின்ற மரம் அது. அதைக் கவாத்து செய்து நிறுத்திவிட்டால் கைக்கு வேறு சாட்சி வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

ரம்பம் அந்தக் கையில் நிற்கவில்லை. துணியால் சுற்றிக் கட்டியும் பார்த்தார். மூன்றாவது முறை நழுவி விழுந்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மரம் ஏறக் காரணமா வேண்டும்? ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

"மொதல்ல அடியில கொஞ்சம் அறுத்துக்கோ, அப்பால மேலருந்து அறு. இல்லாட்டி பட்டை கியிஞ்சிக்கினு வந்துடும்" என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று நாள் அறுத்தேன். வெட்டிய இடத்திலெல்லாம் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினேன். மரம் மொட்டையாக, ஆனால் ஒழுங்காக நின்றது. என் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த சூப்பர்வைசர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "யோவ், இன்னாய்யா இது, இவ்ளோ நீட்டா வெட்டிக்கீற?"

"இந்தக் கையாலதான் சார்" என்றார் நைனா.

எனக்கு வந்ததே கோபம்! "பொய் சார்! நைனாவால ரம்பத்தப் புடிக்கவே முடியல. கீய கீய போட்டுக்கினே இருந்தாரு. நான்தான் வெட்டினேன்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அவர் கொப்புளங்களைப் பார்த்தார். நைனா தரையைப் பார்த்தார். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று என் தலையைத் தட்டிவிட்டு, அம்மா கொண்டுவந்த டீயைக் குடிக்காமலே அவர் கிளம்பினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது அப்பனை. கம்பெனியிலிருந்து அதற்கப்புறம் ஆள் வரவே இல்லை. அம்மா விடிகாலை ரயிலேறி வீட்டுவேலைக்குப் போக ஆரம்பித்தாள். நைனா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்துத் தொலைத்திருக்கலாம். பேச்சுதான் நின்றுபோனது.

மழைக்குப் பிறகு மரம் தழைத்து, கிளை தாங்காமல் காய்த்தது. பெரிய பழமாக ஒன்றைப் பறித்துக்கொண்டு நைனாவிடம் போனேன். வெட்டிய பெருமையை நான் பிடுங்கிக்கொண்டதில்தான் அவருக்கு வருத்தம் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தேன்.

"நைனா, இனிமே யாராச்சும் கேட்டா நீதான் வெட்டினதுன்னு சொல்லிடறேன்."

"இனிமே யாரு கண்ணு கேக்கப் போறாங்க?" என்றார்.

எங்கள் சந்துக்குள் அவ்வளவாக ஆள் வருவதில்லை, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பழத்தை நானே தின்றேன்.